ஒரு நூல் மரையும் ஒரு லைன் லாக்கும்

சென்ற புரட்டாசியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை நான் கான்டசா காரின் பானெட்டுக்கு அடியில் கழித்தேன். முன்சக்கர பிரேக்குகளை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு பின்சக்கரங்களைச் சுழல விடும் லைன் லாக் என்னும் மின்காந்த வால்வை வீட்டிலேயே பொருத்துவதுதான் வேலை. வால்வைத் தாங்கியில் மாட்டியதும் மின்கம்பி இழுத்ததும் ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டன. மற்ற நாள்கள் எல்லாம் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத சில இணைப்புகள் ஒழுகாமல் இருப்பதற்காகச் செலவாயின. ஆகவே இந்தப் பதிவில் வால்வைவிட, அந்த இணைப்புகளைத் திருகி இறுக்கும் மரையைப் பற்றிய பேச்சே அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் வேப்பமரத்தடியில் நிற்கும் அந்த வெள்ளைக் கான்டசா, அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் பழைய மாதிரி ஒன்றை அடிப்படையாகக் கொண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார், 1.8 லிட்டர் இசுசு எஞ்சின்; எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குப் போகும் அமைப்பு. லைன் லாக் பொருத்தும் ஆசை எழுவதற்கே அந்தக் கடைசி விவரம்தான் காரணம். 1980களில் சிறுவனாக இருந்தபோது, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தில் நடந்த சோழவரம் கார் பந்தயத்துக்கு அப்பா என்னை அழைத்துச் சென்றிருக்கிறார். அங்கே கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றாலும், எனக்கு அந்தப் பித்து பிடிக்கவில்லை. ஒரு தலைமுறை தாண்டி அக்கா மகனுக்குப் பிடித்துவிட்டது. ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்த அவன், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் தாத்தாவின் காரை ஒருமுறையாவது நேர்க்கோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஓராண்டாக நச்சரித்து வந்தான். "மாமா, பிரேக்கை நீங்க பாருங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்பது எங்களுக்குள் ஏற்பட்ட உடன்பாடு.

நேர்க்கோட்டுப் பந்தயத்தில் புறப்படுவதற்கு முன், பின்சக்கர டயர்களை நின்ற இடத்திலேயே சுழல விட்டுச் சூடாக்குவார்கள். ஒட்டியிருக்கும் மண்ணும் தூசியும் போய், ரப்பர் இளகி, தரையைப் பற்றும். இதற்கு வண்டி நகராமல் நிற்க வேண்டும். ஆனால் பின்சக்கரங்களுக்குத் தடை இருக்கக் கூடாது. காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரையும் மிதித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் பிடிக்கும். பின்சக்கர டிரம்முக்குள் லைனிங் தேய்ந்து புகையும். அந்தப் புகையை டயரின் புகை என்று எண்ணி ஏமாறுவோரும் உண்டு. லைன் லாக் இந்தச் சிக்கலை மிக எளிய வழியில் தீர்க்கிறது. முன்சக்கரங்களுக்குப் போகும் குழாயின் நடுவே அந்த வால்வு அமர்ந்திருக்கும். மின்சாரம் இல்லாதபோது அது திறந்தே கிடக்கும். பிரேக் ஆயில் வழக்கம்போல் போய் வரும். பிரேக்கை அழுத்தி மிதித்து, பொத்தானை அமுக்கினால் வால்வு மூடிக்கொள்ளும். முன்சக்கரப் பக்கம் ஏறிய அழுத்தம் அங்கேயே சிறைப்படும். பிறகு பெடலிலிருந்து காலை எடுத்தாலும் முன்சக்கரங்கள் இறுகியே நிற்கும்; பின்சக்கர பிரேக் மட்டும் விடுபட்டுவிடும். பொத்தானை விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மின்சாரம் போனால் வால்வு திறந்துகொள்கிறது என்பதுதான் இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த குணம். கம்பி அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், பேட்டரி இறங்கினாலும் பிரேக் வழக்கமான பிரேக்காகவே இருக்கும். அதே குணத்தால் இதைக் கைபிரேக்குக்கு மாற்றாக ஒருபோதும் பயன்படுத்த முடியாது. மேட்டில் நிறுத்திவிட்டுப் பொத்தானை நம்பி இறங்குகிறவர், வண்டிக்கு முன்பாகவே கீழே போய்ச் சேர ஓட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்சக்கரம் ஓட்டும் கார்களில் இதனால் பயன் இல்லை. அத்தகைய கார்கள் பலவற்றில் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிந்திருக்கும். வலது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் ஒரு குழாயில், மற்ற இரண்டும் இன்னொன்றில். அதில் ஒரு வால்வைப் போட்டால் எதைப் பூட்டுகிறோம் என்றே தெரியாது. என் வண்டியில் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் ஒரே குழாய் புறப்பட்டு, பிறகு ‘T’ வடிவ டீ இணைப்பு ஒன்றில் இடமும் வலமுமாகப் பிரிகிறது. பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் அந்த டீக்கும் இடையில்தான் வால்வுக்கு இடம். அடுத்தது சட்டம். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. எனவே இந்த வால்வு இருக்கும் வரை கார் பொதுச் சாலையில் ஓடாது, இழுவை லாரியின் முதுகில் ஏறித்தான் தளத்துக்குப் போகும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சோதித்துப் பார்ப்பதற்கு இது விளையாட்டுப் பொருள் இல்லை.

அந்த முடிவினால் ஒரு நன்மை விளைந்தது. பழைய குழாயை வெட்டாமல் முழுதாகக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, புதிதாக இரண்டு துண்டுக் குழாய்கள் செய்து கொள்வது என்று தீர்மானித்தேன். வேலை பிடிக்காவிட்டால் பழையதை அப்படியே மாட்டிவிடலாம் அல்லவா? கழற்றுவதே முதல் ஞாயிற்றுக்கிழமையின் பாதியை விழுங்கியது. காசிமேட்டுக் கடற்காற்று ஒருபுறம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சக்கரத்தின் பாதி வரை ஏறி இரண்டு நாள் நின்றது மறுபுறம். குழாய் முனைகளில் இருந்த நட்டுகள் துருவினால் குழாயோடு ஒன்றாகிவிட்டிருந்தன. சாதாரண ஸ்பேனரை மாட்டித் திருகினால் அந்தச் சிறு நட்டின் முனைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். ஐந்து பக்கங்களையும் கவ்விப் பிடித்து, குழாய் நுழைய மட்டும் ஒரு வாய் விட்டிருக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனர் இதற்கென்றே இருக்கிறது. அதை வாங்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, காலையில் மறுபடி விட்டு, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, இறுக்கும் திசையில் மயிரிழை திருப்பிய பிறகே கழற்றும் திசையில் திருப்பினேன். குழாய் முறுக்கிக்கொள்ளாமல் முழுதாக வந்தது.

புதுக் குழாய் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனேன். பிரேக் குழாயின் வெளி விட்டம் ஒன்றரை நூல். நூல் என்பது பட்டறைக் கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஒன்றரை நூல் என்றால் 3/16 அங்குலம், ஏறத்தாழ 4.75 மி.மீ. ஏசி வேலைக்கு வரும் செம்புக் குழாய் வளைப்பதற்கு இலகுவாக இருக்கும் என்று ஒருவர் அக்கறையோடு எடுத்து நீட்டினார். செம்பு அதிர்வில் நாளாக ஆக இறுகி, ஒருநாள் வெடிப்பு விடும். பிரேக்கை மிதிக்கும் நேரத்தில்தான் அந்த நாள் வரும் என்பதால் மறுத்துவிட்டு, பூச்சுப் பூசிய எஃகுக் குழாயே வாங்கினேன். அதை நசுங்காமல் வளைக்கத் தனிக் கருவி உண்டு. எங்கள் வீட்டில் இருந்தது பழைய கோலி சோடா பாட்டில்தான். அதன் வயிற்றைச் சுற்றி இரண்டு கட்டைவிரல்களாலும் மெல்ல மெல்லத் தள்ளியதில், கடைக் கருவி வளைத்ததைப் போலவே வந்தது என்று சொன்னால் பெருமையடிப்பதாக எண்ண வேண்டாம்.

குழாய் முனையை விரிப்பதுதான் கைப்பழக்கம் கேட்கும் இடம். முனையை 45 பாகையில் விரித்து, விரிந்த விளிம்பை மறுபடி உள்ளே மடித்து, இரட்டைச் சுவராக்க வேண்டும். ஒற்றை விரிப்பு இந்த அழுத்தத்தில் கீறிக்கொள்ளும். வெட்டிய முனையில் பிசிறு இருந்தால் மடிப்பு கோணலாகும்; கவ்வியில் குழாய் வழுக்கினால் உயரம் குறையும். பயிற்சிக்கென்று வாங்கிய ஓர் அடித் துண்டில் ஏழு முனைகளைப் பாழாக்கிய பிறகே எட்டாவது சரியாக அமைந்தது. அந்த மகிழ்ச்சியில் உண்மையான குழாயை விரித்து முடித்தபோது, நட்டைக் குழாயில் கோக்காமலே விரித்துவிட்டது தெரிந்தது. அக்கா மகன் எதுவும் சொல்லாமல் நட்டை எடுத்து மேசையில் என் முன்னால் வைத்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டான்.

இனி மரைக்கு வருகிறேன். இந்த வால்வின் இரண்டு வாய்களும் போகப் போகக் குறுகும் அமெரிக்க வகைக் கூம்புக் குழாய் மரை கொண்டவை; பெயரளவில் 1/8 அங்குலம், நம் கணக்கில் ஒரு நூல் (மரையின் உண்மை விட்டம் அதைவிடப் பெரிது); என்.பி.டி. என்று அழைப்பார்கள். என் வண்டியின் குழாய் நட்டோ மூன்று நூல் விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. ஆகவே ஒரு பக்கம் இந்த மரையும் மறுபக்கம் அந்த மரையும் கொண்ட இரண்டு அடாப்டர்கள் தேவைப்பட்டன. பாரிமுனைப் பக்கம் குழாய் இணைப்புகள் விற்கும் ஒரு கடையில் கேட்டபோது, இரண்டு பித்தளை அடாப்டர்களை எடுத்துக் கொடுத்து, "ஒரு நூல் மரை எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். வால்வைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அங்கேயே திருகிப் பார்த்தேன். மூன்று நான்கு சுற்று இலகுவாக ஏறி, பிறகு இறுகியது. கூம்பு மரை இறுகத்தானே செய்யும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். இதை அந்தக் கடையின் குற்றமாக மட்டும் சொல்ல முடியாது. முதல் பிழை அவர்களுடையது, சரிபார்க்காமல் வாங்கியது என்னுடையது.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பூட்டினோம். வால்வைக் குழாயின் மேல் தொங்க விடாமல், சக்கரத்துக்கு மேலுள்ள உள் ஃபெண்டர் தகட்டில் தனியாக ஒரு தாங்கி வைத்து, எஞ்சின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு தாக்காத தூரத்தில், மாஸ்டர் சிலிண்டரின் மட்டத்துக்குக் கீழே அமைத்தேன். காற்றுக்குமிழிகள் தங்குவதற்கு மேடு எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆயில் ஊற்றி, குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றி (இதைத்தான் காற்று எடுப்பது என்போம்), மாலை ஆறு மணிக்கு அக்கா மகனைப் பெடலை அழுத்தி மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். முதலில் பெடல் கல்லைப்போல் நின்றது. அரை நிமிடத்துக்குப் பிறகு, "மாமா, இறங்குது" என்றான். வால்வின் உள்வாயில் வியர்வைத் துளியைப் போல ஒரு சொட்டு திரண்டு, வழிந்து, இன்னொன்று திரண்டது. இன்னும் கால் சுற்று இறுக்கினேன். சொட்டு சற்று மெதுவானதே தவிர நிற்கவில்லை. இருட்டிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டுப் போனது அடுத்த பிழை. காலையில் பார்த்தபோது, ஃபெண்டரின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பெயின்ட் தோலாக உரிந்து நின்றது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். ஆனால் தண்ணீரில் கரையும். சிந்திய உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும்.

திங்கட்கிழமை வால்வையும் அடாப்டர்களையும் எடுத்துக்கொண்டு, காசிமேட்டில் விசைப்படகு வேலைகள் செய்யும் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரம்பப் பல்லைப் போன்ற மரை கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாக அடாப்டரின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். அடாப்டரில் அங்குலத்துக்கு 28 மரை, வால்வில் 27. ஒன்று பிரிட்டிஷ் வகை, பி.எஸ்.பி.; மற்றொன்று அமெரிக்க வகை. மரைக்கு மரை வித்தியாசம் 0.03 மி.மீ.க்குச் சற்றே கூடுதல். மூன்று நான்கு சுற்றுகளில் அது கூடிக் கூடி ஒரு பல் இன்னொரு பல்லின் தோளில் ஏறிக்கொள்ளும். நான் இறுக்கம் என்று நினைத்தது அந்த முட்டல்தான். பல்லின் கோணமும் வேறு. ஒன்றுக்கு 55 பாகை, மற்றதற்கு 60. விட்டத்திலும் அடாப்டர் அரை மி.மீ. மெலிந்தது. மெட்ரிக் வகையில் 10 மி.மீ. விட்டத்துக்கு 1 மி.மீ. இடைவெளி கொண்ட மூன்றாவது மரை ஒன்றும் பிரேக் குழாய்களில் பரவலாக உண்டு. அதுவும் இதே வாயில் சில சுற்று ஏறிவிடும் என்று அவர் எடுத்துக் காட்டினார். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் மூன்று மரைகள். கை மூன்றையும் ஏற்றுக்கொள்ளும். அழுத்தம் ஒன்றை மட்டுமே ஏற்கும்.

பிறகு கடைக்காரர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கும் பட்டறைப் பெரியவரே காரணம் சொன்னார். தண்ணீர்க் குழாய்களில் அதிகம் புழங்கும் அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் பிரிட்டிஷ் வகையிலும் அமெரிக்க வகையிலும் அங்குலத்துக்கு 14 மரைதான். டேப் சுற்றினால் ஒன்று மற்றொன்றில் எப்படியோ நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் அதையே விற்றவருக்கு, ஒரு நூல் அளவுக்கு இறங்கும்போது கணக்கு மாறுவது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் மேல்தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் குழாயில் கிடைக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோதான். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது அது 70 கிலோவையும் தாண்டக்கூடும். சரியான மரையில் இரண்டு அடாப்டர்கள் கடைந்து தர முடியுமா என்று கேட்டேன். அவர் கேஜைத் துடைத்து உறையில் போட்டபடியே, "தண்ணி லைனுக்குன்னா இப்பவே போட்டுத் தர்றேன் தம்பி. பிரேக்குக்கு நான் கை வெக்க மாட்டேன். கம்பெனி சாமானா வாங்கிப் போடு" என்றார். ஐம்பதைத் தொடப்போகும் என்னைத் தம்பி என்று அழைத்ததற்காகவே அவர் பேச்சைக் கேட்க வேண்டியதாயிற்று. பார்த்ததற்குக் காசும் வாங்கவில்லை. இணையத்தில் சரியான எஃகு அடாப்டர்களை வரவழைக்கப் பதினொரு நாள் ஆனது.

காத்திருந்த நாள்களில் மின்வேலையைச் சீர்படுத்தினேன். வால்வின் மின்காந்தச் சுருளை மல்டிமீட்டரில் அளந்தபோது 4 ஓம் காட்டியது, 12.6 வோல்ட்டுக்கு 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். இக்னிஷன் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் முனையிலிருந்து, 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகக் கம்பி எடுத்தேன். ரிச்சி தெருவில் வாங்கிய பொத்தான், காலிங் பெல்லைப் போல அமுக்கும் வரை மட்டுமே வேலை செய்யும் வகை. இங்கே போட்டால் போட்டபடியே நிற்கும் ஸ்விட்சை வைக்கவே கூடாது. மறந்துவிட்டால், அடுத்து பிரேக் மிதித்துக் காலை எடுக்கும்போது முன்சக்கரங்கள் விடாமல் பிடித்துக்கொள்ளும். பொத்தானை விடும்போது சுருளிலிருந்து கிளம்பும் பொறி அதன் முனைகளைக் கருக்காமல் இருக்க, சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடும், கண்ணில் படும்படி டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கும் வைத்தேன். பொத்தான் கியர் குமிழின் மேல், இடது கட்டைவிரலுக்கு வாகாக அமர்ந்தது. சுருள் சூடாகும் என்பதால் அரை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அமுக்குவதில்லை என்பது எங்கள் விதி.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை புது அடாப்டர்களை எடுத்தபோது, முதலில் ஒரு வித்தியாசத்தை அக்கா மகனுக்கு விளக்கினேன், எழுதியும் வைக்கிறேன். வால்வுக்குள் போகும் கூம்பு மரையில், மரையேதான் அடைக்கிறது. ஆகவே அதற்கு பிரேக் ஆயில் கரைக்காத திரவ சீலன்ட் தேவை. அதையும் நுனியில் உள்ள முதல் மரையை விட்டுவிட்டுத்தான் தடவ வேண்டும். வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அதன் ஒரு நார் பிய்ந்து, வால்வு மூடும்போது படியும் இருக்கையில் சிக்கினால், மூட வேண்டிய நேரத்தில் மூடாது, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. குழாய் நட்டுப் பக்கத்திலோ மரை வெறும் இறுக்கும் கருவி; அடைப்பது விரித்த குழாயின் கூம்பு முகம். அங்கே எதையும் தடவக் கூடாது. ஒழுகினால் விரிப்பு சரியில்லை என்று பொருள், பசை பூசி மறைக்க முயலக் கூடாது. பழைய குழாயில் இரண்டே இணைப்புகள் இருந்தன. இப்போது ஆறு. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. அந்தக் குழாயில்தான் இந்த நான்கு புதிய சந்தேகங்களைச் சேர்த்திருக்கிறோம் என்று சொன்னபோது, அவன் முதல்முறையாகக் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

பிரேக் ஆயிலைப் புதிய டப்பாவிலிருந்தே ஊற்றினோம். இரண்டு வாரம் முன் திறந்த டப்பாவில் பாதி மீதி இருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் பகுதிக் காற்றில் அதை நம்ப முடியாது. இந்த ஆயில் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. டாட் 4 என்னும் தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடுகிறது. பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று தொலைவில் இருக்கும் சக்கரத்திலிருந்து அருகில் இருப்பதை நோக்கிக் காற்று எடுத்தோம். சக்கரத்தருகே காற்றை வெளியேற்றும் சிறு வாயான நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் குழாயின் மறுமுனை, ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் அமிழ்ந்திருந்தது. "மிதி", "பிடி", "விடு" என்ற மூன்று சொற்களை அன்று எத்தனை முறை சொன்னோம் என்று எண்ணவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை மாலைக்குள் மனப்பாடம் செய்துவிட்டது. வால்வுக்கு மின்சாரம் கொடுக்காமல் திறந்த நிலையில் வைத்து, இடையிடையே ஸ்க்ரூடிரைவர் பிடியால் அதன் உடம்பைத் தட்டியதில், ஒளிந்திருந்த கடைசிக் குமிழிகள் முன் இடது நிப்பிள் வழியாக வெளியே வந்தன.

பிறகு பெடலை முழு பலத்தோடு இரண்டு நிமிடம் பிடித்து, ஆறு இணைப்புகளிலும் டிஷ்யூ தாளைச் சுற்றிப் பார்த்தேன். ஆறும் உலர்ந்திருந்தன. மறுநாள் காலை மறுபடி பார்த்தேன், உலர்ந்தே இருந்தன. அதன் பின்னரே பொத்தானுக்கு வந்தோம். நான்கு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளில் நிறுத்தி, கைபிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் போட்டோம். அவன் பெடலை மிதித்து, பொத்தானை அமுக்கி, காலை எடுத்தான். முன்சக்கரத்தை நான் இரு கைகளாலும் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. பின்சக்கரம் தாராளமாகச் சுழன்றது. பொத்தானை விட்டதும் உள்ளே டக் என்று ஒரு சிறு ஒலி. முன்சக்கரங்கள் இரண்டும் கையோடு வந்தன. விட்ட பிறகு உரசல் மிச்சம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இருந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள், அந்த நிலையில் வண்டியை நகர்த்தக் கூடாது. பத்து முறை செய்தோம். பத்து முறையும் அதே ஒலி, அதே விடுதலை.

தளத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓரமாகத் தண்ணீர் தெளித்து நனைத்த இடத்தில் அக்கா மகன் வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்து, பொத்தானை அமுக்கி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டான். பின்சக்கரங்கள் சுழன்றன, முன்சக்கரங்கள் ஆணி அடித்ததைப் போல நின்றன. ஆனால் இது பழைய 1.8 லிட்டர் எஞ்சின். எழுந்த புகை, வெள்ளிக்கிழமை மாலையில் அம்மா வீட்டுக்குக் காட்டும் சாம்பிராணி அளவுக்குத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் கண்ணைச் சுருக்கி, எஞ்சினைத்தான் மாற்ற வேண்டும் என்று அறிவுரை சொன்னார். அவனுக்கு அந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்க, நான் சத்தமாக டயரின் காற்றழுத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். திரும்பி வந்ததும் இணைப்புகளில் மீண்டும் டிஷ்யூ தாளைச் சுற்றினேன், உலர்ந்திருந்தது. மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த முழு மகிழ்ச்சி அந்தக் காய்ந்த தாள்தான்.

வீட்டில் அம்மா காத்திருந்தார். ஐப்பசிப் பௌர்ணமிக்கு மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று கோயில்களுக்கும் ஒரே நாளில் போய் வருவது அவருடைய வழக்கம். அதுவும் அப்பாவின் காரில்தான். வண்டி சாலையில் ஓடாது என்று சொன்னதும், "அவர் போனதிலிருந்து இந்த வீட்டில் மரை கழன்ற கூட்டம்தான் மிச்சம்" என்றார். அவருக்கு இந்தக் கதையில் மரை எவ்வளவு முக்கியம் என்பது தெரியாது. பரணில் செய்தித்தாளில் சுற்றி, இரு முனைகளிலும் ரப்பர் மூடி போட்டு வைத்திருந்த பழைய குழாயை இறக்கினேன். துருவைத் தேய்த்துப் பார்த்ததில் மேல்தோல் மட்டுமே அரித்திருந்தது. என்றாலும் அதை மறுபடி நம்ப மனம் வரவில்லை. அதே அளவில், அதே வளைவுகளில், இடையில் இணைப்பு எதுவும் இல்லாத புதுக் குழாய் ஒன்றைச் சோடா பாட்டிலின் உதவியோடு செய்தேன். இந்த முறை நட்டுகள் இரண்டையும் முதலிலேயே கோத்துவிட்டேன். வால்வும் அடாப்டர்களும் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போயின. பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்பாக, எதிர்வீட்டுக் குழந்தை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு "மிதி", "பிடி", "விடு" என்று எங்களுக்கு முன்பாகவே சொல்ல, மறுபடி நான்கு சக்கரங்களிலும் காற்று எடுத்து முடித்தோம்.